பழைய வீட்டுக்குப் போன கடிதம்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லாரும் "விலாசம் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுக்கிற அறக்கட்டளை அது. கீழே பட்டறை, மேலே அலுவலகம். மேலே ஜன்னலோர மேசையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, நன்கொடை கொடுக்கிற பதினோராயிரம் பேருடைய பெயர், வீட்டு எண், தெரு, போன் நம்பர் எல்லாவற்றையும் கட்டிக் காப்பது அவள் வேலை. யார் வீடு மாறினார்கள், யார் கண்ணை மூடினார்கள், யாரை மத்தியானத் தூக்கத்தில் எழுப்பினால் சண்டைக்கு வருவார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அக்காவுக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்கு வழி தெரியாது. ஊரார் வீட்டு மாடிப்படி எத்தனைன்னு கேளுங்க, சொல்லிடுவாங்க" என்று கீழ்ப் பட்டறை மெக்கானிக் கிண்டல் செய்வான்.

"உன் வீட்டு நம்பர்கூடத் தெரியும் தம்பி. வாடகை கேட்டு வர்றவங்களுக்குச் சொல்லட்டுமா?" என்பாள் இவள்.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

"அக்கா, நான்தான்."

ஒன்பது வருஷப் பழக்கம். முகம் பார்த்ததில்லை, ஆனால் "நான்தான்" என்றாலே போதும்.

"சொல்லுங்க டீச்சர். என்ன, குரல் கம்மிப் போயிருக்கு?"

"ஜலதோஷம். அக்கா, என் அட்ரஸ மாத்தணும்."

"வீடு மாறிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே! சாமானெல்லாம் ஏத்தி இறக்கியாச்சா?"

"சாமான்னு ஒண்ணும் இல்லக்கா. ஒரு பெட்டிதான்."

"சாருக்கும் சேர்த்துத்தானே மாத்தணும்?"

"இல்ல, இல்ல. நான் மட்டும்தான். அவர் அங்கேயேதான் இருக்கார்."

"ஓ, வேலை மாத்தலா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்" என்றாள் டீச்சர்.

விலாசம் அக்கா அதை அப்படியே வைத்துக்கொண்டாள். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்பது அவளுக்கு ஒரு பெருமை. தெரு, மாடி, கதவு எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, திருப்பிப் படித்துக் காட்டி, சரிபார்த்து எழுதிக்கொண்டாள்.

"அக்கா, உங்க அறக்கட்டளைப் பத்திரிகை இதுவரைக்கும் அவர் பேரும் 'குடும்பத்தினர்'னும் போட்டுத்தானே வந்துச்சு. இனிமே என் பேர் மட்டும் போட்டு அனுப்புவீங்களா?"

"அதுக்கென்ன டீச்சர், தாராளமா!"

"சிரிக்காதீங்க. இந்த ரூம்ல நாலு சுவரைத் தவிர ஒண்ணும் இல்ல. என் பேர் போட்ட தபால் ஒண்ணு கதவுக்கு வந்துட்டா, இது என் வீடுதான்னு எனக்கே ஒரு நம்பிக்கை வரும்."

"இன்னிக்கே ஒண்ணு வரும். அட்ரஸ் மாத்தினா உறுதிக் கடிதம் அனுப்புவோம். நாளைக்குக் கையில இருக்கும்."

அந்த உறுதிக் கடிதம் விலாசம் அக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவருக்குள் தகராறு. தம்பிக்காரன் போன் போட்டு, அண்ணன் குரலில் பேசி, அண்ணனுக்குப் போகிற தபாலையெல்லாம் தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டான். அண்ணன் நேரில் வந்து அலுவலகத்தையே உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு இவள் ஒரு விதி போட்டாள். யார் விலாசம் மாறினாலும் இரண்டு கடிதம் போகவேண்டும். புது வீட்டுக்கு ஒன்று, பழைய வீட்டுக்கு ஒன்று. "இன்னார் இந்த முகவரிக்கு மாறியிருக்கிறார், தவறென்றால் உடனே தெரிவிக்கவும்." அதற்கப்புறம் ஒரு தப்பு நடந்ததில்லை. மேனேஜர் கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். பிறகு அதைக் கம்ப்யூட்டருக்கே சொல்லிக் கொடுத்தாயிற்று. பொத்தானை அமுக்கினால் இரண்டும் தானாக அச்சாகிவரும்.

வந்தன. மடித்து, ஒட்டி, சாயந்திரத் தபால் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் போன்.

"வணக்கம் மேடம். காலங்காத்தால தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்." வெண்ணெய் மாதிரி குரல். பெயரைச் சொன்னார். டீச்சரின் கணவர்.

"சொல்லுங்க சார்."

"எங்க வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு எங்கேயோ போயிருக்காங்க. பத்து நாளாச்சு. உங்க பத்திரிகைன்னா அவங்களுக்கு உயிர். உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களோன்னு…"

"நன்கொடையாளர் விவரம் யாருக்கும் சொல்றதில்ல சார். வீட்டுக்காரரா இருந்தாலும்."

"ரொம்ப சரி. விதின்னா விதிதான். எனக்கும் அப்படி இருக்கிறவங்களைத்தான் பிடிக்கும். லைப்ரரியிலயும் இதையேதான் சொன்னாங்க. பரவாயில்ல, எனக்கு அவசரமே இல்ல. ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டே வருவேன். போன தடவை அவங்க தங்கச்சி வீட்ல இருந்தாங்க. நாலே நாள்ல கூட்டிட்டு வந்துட்டேன்."

"அப்படியா சார்?"

"ஆமா. வந்த அன்னிக்கே படியில விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாங்க. கவனமே கிடையாது மேடம் அவங்களுக்கு. நான் இல்லன்னா அவங்க என்ன ஆவாங்கன்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரல."

போனை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. டீச்சருடைய பழைய பதிவைத் திறந்தாள். குறிப்பு என்கிற கட்டத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே தட்டிய வரி இருந்தது. 'கை முறிவு. மூன்று மாதத்துக்குப் போன் செய்யவேண்டாம் என்று கணவர் கேட்டுக்கொண்டார்.'

கணவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அதை எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டே தட்டினாள்.

அப்போதுதான் அந்த இரண்டாவது கடிதம் ஞாபகம் வந்தது. மாடி, கதவு எண், எல்லாம் சுத்தமாக, எழுத்துப் பிசகாமல், அவர் கையிலேயே போய்ச் சேரப்போகிறது. தட்டுவதற்கு இன்னொரு கதவே வேண்டாம்.

படியில் இறங்கினாளா, உருண்டாளா என்று தெரியாது. "தம்பி, வண்டியை எடு!"

"எங்கக்கா? பின் சக்கரத்தைக் கழட்டிப் போட்டிருக்கேன்."

"வண்டியிலயா?"

"நாற்காலியிலக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்போ பேச்சை நிறுத்திட்டு ஏறு!"

போகும் வழியில் விஷயத்தைச் சொன்னாள். மெக்கானிக் வழக்கமான கிண்டல் எதையும் எடுக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தபால் நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பையில போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேக்கறீங்களா? போட்டா போட்டதுதான் மேடம்."

"அனுப்பினவங்க கேட்டா கொடுக்கலாம்னு ஒரு படிவம் இருக்கே சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"பதினாலு வருஷமா உங்க வாசல்லதான் சார் நிக்கறேன்."

படிவத்தைத் தேடி எடுக்க அஞ்சு நிமிஷம். அதே மாதிரி உறை ஒன்றைக் காட்டு, அலுவலக அட்டையைக் காட்டு, இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து என்று பத்து நிமிஷம். முத்திரையைக் குத்திவிட்டு அவர் சொன்னார். "ஆனா தபால்காரம்மா கிளம்பி அரை மணி ஆச்சே. போய்ப் பிடிச்சுக்குங்க. இந்நேரம் அந்தத் தெருவுலதான் இருப்பாங்க."

தெருமுனைக்கு வந்ததும் மெக்கானிக் சட்டென்று பிரேக் போட்டான்.

"ஏன்டா நிறுத்தறே?"

"அக்கா, வண்டியில நம்ம அறக்கட்டளை பேரு ஆளுயரத்துக்கு எழுதியிருக்கு. அந்த ஆளு பார்த்தா?"

"நல்லவேளை, உனக்காவது மூளை இருக்கு" என்று இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தபால்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு வாசல்தான் பாக்கி. இவள் மூச்சு வாங்கப் படிவத்தை நீட்டினாள்.

"என்னம்மா இது? இந்த ரோட்ல யாரும் இப்படி ஓடி நான் பார்த்ததே இல்ல." படித்தாள். முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர் வீட்டுக்கா?"

"தெரியுமா உங்களுக்கு?"

"ஏன் தெரியாது? வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசும் அந்தம்மா. அவர் பின்னால வந்து நின்னா பாதி வார்த்தையிலயே நிறுத்திடும். ஒரு மாசமா ஆளைக் காணோம்."

"பத்து நாளாத்தான் இல்லையாம்."

"அப்போ அதுக்கு முன்னாடி வாசலுக்கே விடல போலிருக்கு." கட்டைப் பிரித்து விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள், வெள்ளை உறை ஒன்றை இழுத்தாள். "இதானே?"

"தபால் ஏதும் இருக்காம்மா?"

வெண்ணெய்க் குரல். இரும்புக் கதவைத் திறந்துகொண்டு அவர் இவர்களை நோக்கி நடந்துவந்தார். தேய்த்த சட்டை, சீவிய தலை. பார்த்தால் யாரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள்.

தபால்காரம்மா அந்த உறையைப் படிவத்தோடு சேர்த்து மடித்துப் பைக்குள் சொருகினாள். அவசரமே இல்லாமல் வேறு இரண்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க சார். கரண்ட் பில்லு. இன்னொண்ணு விளம்பரம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் விலாசம் அக்காவைப் பார்த்தார். "இவங்க யாரு? தெருவுக்குப் புதுசா இருக்காங்க."

அவளுக்கு வாய் திறக்கப் பயம். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இவரோடு பேசியிருக்கிறாள். பதினாலு வருஷமாகக் குரலை வைத்தே பிழைப்பு நடத்துகிறவள் அவள். எந்தக் குரலும் அவளுக்கு மறக்காது. இவருக்கும் மறக்காதென்று அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்க புது ஆளு சார்" என்றாள் தபால்காரம்மா. "வழி பழகுறாங்க. வாயே திறக்க மாட்டாங்க. காலையிலேர்ந்து நானேதான் பேசிக்கிட்டு வர்றேன்."

விலாசம் அக்கா தலையை ஆட்டினாள். அவர் சிரித்தார்.

"நல்லது. அதிகம் பேசாம இருக்கிறதே நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. பட்டப்பகலில்.

அடுத்த தெருவுக்கு வந்த பிறகுதான் தபால்காரம்மா உறையை எடுத்தாள். "விதிப்படி நான் இதை ஆபீஸுக்குக் கொண்டுபோய், பதிவு போட்டு, சாயந்திரம்தான் தரணும்."

"தெரியும்."

"நீங்க விதி தெரிஞ்சவங்க, அதனால சொல்றேன். இங்க கையெழுத்துப் போடுங்க, பதிவை நான் போய்ப் போட்டுக்கறேன். அந்தம்மா நல்லா இருக்கா?"

"இன்னும் தெரியலம்மா" என்றாள் விலாசம் அக்கா. அதுதான் உண்மை.

வண்டியில் ஏறியதும் உறையைப் பிரித்துப் பார்த்தாள். தான் கோத்த வரிகளைத் தானே படித்துக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் நின்றாள். 'இதே தகவல் தங்கள் பழைய முகவரிக்கும் அனுப்பப்பட்டுள்ளது.' புது வீட்டுக்குப் போன கடிதத்திலும் இந்த வரி உண்டே! அது இந்நேரம் டீச்சர் கையில் இருக்கும்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"அக்கா, அழாதீங்க" என்றான் மெக்கானிக்.

"யாருடா அழறது? வண்டியை ஓட்டு."

மூன்றாவது தடவை எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"டீச்சர், நான்தான்."

"என் பேர் போட்டுத் தபால் வந்துச்சுக்கா" என்றாள் டீச்சர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை போலிருந்தது. "ரொம்ப அழகா பேர் போட்டிருந்தீங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். பெட்டியைக் கட்டிட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன்."

"எங்கே?"

"தெரியல."

"டீச்சர், தப்பு என்னோடது. நீங்க சொல்லாததை நான் கேட்டிருக்கணும். ஆனா அந்தக் கடிதம் அவர் கைக்குப் போகல. தபால்காரம்மா கையிலேர்ந்தே வாங்கிட்டேன். இப்ப என் மடியில இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே? இப்படி நிறையப் பேர் சொல்லியிருக்காங்கக்கா."

வாயால் எதைச் சொன்னாலும் போதாது என்று விலாசம் அக்காவுக்குத் தெரிந்தது. "மெக்கானிக் தம்பி, எஞ்சினை நிறுத்து" என்றாள். "டீச்சர், போனைக் காதோட ஒட்டி வச்சுக்குங்க."

கடிதத்தைப் போன் பக்கத்தில் பிடித்து, நடுவில் நீளமாகக் கிழித்தாள்.

இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "இன்னொரு தடவை கிழிங்கக்கா."

கிழித்தாள். மறுபடியும் கிழித்தாள். கதவு எண் ஒரு துண்டில், தெரு ஒரு துண்டில் ஆகிறவரைக்கும் கிழித்தாள். மெக்கானிக் தன் மதியச் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் காலி பண்ணி நீட்டினான், துண்டுகளைப் போட.

"இனிமே எங்க ஆபீஸ்ல பழைய வீட்டுக்கு எதுவும் போகாது டீச்சர். முதல்ல உங்களைக் கேப்போம். சரின்னாத்தான் போகும். இன்னிக்கே மேனேஜர் தலைமேல உக்காந்து மாத்தறேன்."

"பத்திரிகை வரும்தானே?"

"உங்க பேர் மட்டும் போட்டு வரும்."

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. காலடி கேட்டது. பிறகு, தூரத்தில், பெட்டியின் பூட்டு 'டக்'கென்று திறந்தது. அப்புறம் இன்னொன்று.