பத்து சென்டிமீட்டருக்குப் பின்னால்

என் தங்கை புருஷனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. மாப்பிள்ளை என்கிற மரியாதை ஒன்று இருக்கிறது. ஆகையால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதுவே போதும்.

மாப்பிள்ளையிடம் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உண்டு. அதன் ஜன்னலில் கண்ணை வைத்தால் எதிரில் இருப்பவரின் ஒரே மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். இதையெல்லாம் நம்ப வேண்டுமானால் கேமராவுக்குள் இருக்கும் ஒரு குட்டித் திருகு ஒழுங்காக நிற்க வேண்டும். அது மயிரிழை பிசகினாலும், ஜன்னலில் மூக்கு ஒன்றாகவே தெரியும். படத்தில் வேறு எதுவோ துல்லியமாக விழும்.

மாப்பிள்ளை எடுக்கும் படங்களில் காது விழும்.

பதினோரு வருஷமாக இதுதான். என் தங்கை முகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். காதுத் தோட்டின் திருகாணி மட்டும் மரை மரையாகத் தெரியும். அவர்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் ஏதோ காது டாக்டரின் கோப்பு என்றுதான் நினைப்பார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். நான் கடிகாரம் பழுது பார்க்கிறவன். கேமராவை வாங்கிய முதல் வாரமே மாப்பிள்ளை அதைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. தங்கையின் தையல் டேப்பை எடுத்து, சுவரில் மாட்டிய காலண்டருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கேமராவை வைத்தார். லென்ஸையும் ஒரு மீட்டரில் வைத்தார். ஜன்னலில் தேதி இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒன்றாகும் வரை உள்திருகைத் திருகினார். முறையில் குற்றமே இல்லை. டேப்தான் பத்திலிருந்து ஆரம்பித்தது. முனை நைந்து நூல் பிரிகிறது என்று, முந்தின மாசம் அவரே முதல் பத்து சென்டிமீட்டரைக் கத்தரியால் வெட்டிப் போட்டிருந்தார். நைந்த சாமானைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

அதாவது, அவர் அளந்த ஒரு மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர். அன்றிலிருந்து அவர் மூக்கைக் குறி வைத்தால் கேமரா பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். மூக்குக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னால் ஆண்டவன் காதைத்தான் வைத்திருக்கிறான்.

ஒருநாள் சாயங்காலம் நிலாவை எடுக்கப் போனார். லென்ஸ் அதன் கடைசித் தூரமான முடிவிலியில் போய் முட்டிக்கொண்ட பிறகும் இரண்டு நிலா நின்றது. எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிதான் ஒன்றாகத் தெரிந்தது. ஆக, முடிவிலி என்பது முப்பதாவது அடியில், எதிர்வீட்டுக்காரர் தொட்டியோடு முடிந்துபோகிறது. வேறு எவனாவது என்றால் கேமராவைச் சந்தேகித்திருப்பான். மாப்பிள்ளை நிலாவைச் சந்தேகித்தார். வானாராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு பக்கம் கடிதம் போட்டார். பதில் இல்லை.

“பாத்தீங்களா மச்சான், மறைக்கிறாங்க” என்றார்.

இந்த மேதைக்குச் சீடர்களும் உண்டு. சனிக்கிழமைதோறும் கூடும் கேமராச் சங்கம் ஒன்றுக்கு அவர் தலைவர். உறுப்பினர் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் சேர்த்து அரைப் புத்தி. அத்தனை கேமராவையும் அதே டேப்பால் அளந்து திருகிக் கொடுத்தார். பிறகு கண்காட்சி வைத்தார்கள். நான் போயிருந்தேன். நான்கு சுவரிலும் அறுபது காது. அதில் ஒன்று என்னுடையது; மயிரை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன்.

அன்றைக்கே சொன்னேன். “மாப்ளே, உங்க டேப் பத்துலேருந்து ஆரம்பிக்குது.”

“மச்சான், கடிகாரத்துல முள்ளுதான் இருக்கு, லென்ஸ் இல்ல. தெரிஞ்ச வேலையப் பாருங்க.”

பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாசம் தங்கைக்கு ஓய்வு. அவள் பெரிய நூலகத்தின் தலைமை நூலகர். அங்கே நடைவழியில், இதுவரை இருந்த தலைமை நூலகர்கள் ஆறு பேரின் படம் வரிசையாக மாட்டியிருக்கிறது. ஆறும் ஆண்கள். ஏழாவது ஆணி அடித்துத் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வழியனுப்பு விழா. அப்போது அவள் படம் ஏற வேண்டும். படத்தைத் தானே எடுப்பதாக மாப்பிள்ளை நூலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தங்கை என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“முப்பத்திரண்டு வருஷம்ணே. அந்த ஆணியில என் மூஞ்சி தெரியணும். காது வேணாம்.”

“ஸ்டுடியோவுல எடுத்துக்கயேன்.”

“எடுத்தா இவரு கோவிச்சுக்கிட்டு ஒரு வருஷம் பேச மாட்டாரு.”

“நல்லதுதானே?”

“பேசாம இருந்தா நல்லதுதான். எழுதிக் காட்டுவாரு.” கொஞ்சம் யோசித்தாள். “விடு, நான் பாத்துக்கறேன்.”

எப்படி என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் நானும் அதே நிமிஷம் மனசுக்குள், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை குளிக்கப் போனால் நாற்பது நிமிஷம். அழுக்கிடம்கூட விளக்கம் சொல்லிவிட்டுத்தான் போக்குவார். கேமரா அலமாரியில் இருந்தது. என் எஃகு டேப்பால் காலண்டருக்கு உண்மையான ஒரு மீட்டர் அளந்தேன். கடிகாரத் திருப்புளியால் கால் சுற்று. ஜன்னலில் தேதி ஒன்றாயிற்று. தூரத்து ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தேன். அதுவும் ஒன்று. முடிவிலியை எதிர்வீட்டு மாடியிலிருந்து இறக்கி அதன் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை குளித்து வருவதற்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் திரும்பத் திருகிவிடுவார் என்பது ஒரு காரணம். மற்றது, அந்த முட்டாள் தன் திறமை என்று நினைத்துப் பூரிப்பதை ஓரமாக நின்று ரசிக்க வேண்டும் என்கிற ஆசை.

வியாழக்கிழமை காலை, நூலக வாசிப்பறை. ஜன்னலோர நாற்காலியில் தங்கை. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஃபிலிமில் மிச்சம் ஒரே ஒரு படம்.

“இன்னொரு ரோல் வாங்கிட்டு வரட்டுமா மாப்ளே?”

“தெரியாதவனுக்குத்தான் ரெண்டாவது வேணும்.”

“அப்பர்ச்சரையாவது கொஞ்சம் மூடி வைங்களேன்.”

“அது கோழைங்க செய்யறது” என்று லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தார். அப்படி வைத்தால் துல்லியம் என்பது நாலு விரல் கனத்துக்கு மேல் இருக்காது.

அப்போது தங்கை ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து, முகத்துக்குச் சற்று முன்னால் நிமிர்த்திப் பிடித்தாள்.

“என்னங்க, மூக்குல குறி வைக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். இந்த அட்டையில எழுத்து பெருசா இருக்கு. இதுல வைங்க. அப்புறம் அப்படியே நெஞ்சுக்கு நேரா இறக்கிடறேன். நெஞ்சுல ஒரு புத்தகம் இருந்தா நூலகர்னு தெரியும்ல.”

“பாத்தீங்களா மச்சான், எங்கூட வாழ்ந்து இவளுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கு.”

நான் கண்ணாலேயே அளந்தேன். புத்தகத்துக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர். பதினோரு வருஷப் படங்களைப் பார்த்துப் பார்த்து, டேப் இல்லாமலே கணக்கைப் பிடித்திருக்கிறாள். பிசகைச் சரிசெய்யாமல் பிசகுக்குத் தகுந்த இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டாள். நேற்று நான் திருகும் வரை அது சரியான கணக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் ‘டிக்’ என்றது.

வெள்ளிக்கிழமை காலை பிரதி வந்தது. கதிர் அரிவாள் மாதிரி கூர்மை. அட்டையில் ‘கறையான் ஒழிப்புக் கையேடு’ என்பதில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அதற்குப் பின்னால், மேகம் ஒன்று சேலை கட்டி உட்கார்ந்திருந்தது.

“நீ அசைஞ்சுட்டே” என்றார் மாப்பிள்ளை.

“நான் அசையல.” அவள் பார்வை அவரைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அண்ணே. எதையாவது திருகினியா?”

“ஒரே ஒரு ஸ்க்ரூ. கால் சுத்து.”

“எங்கிட்ட சொன்னியா?”

“நீ எங்கிட்ட சொன்னியா?”

“நான் புத்தகத்தத்தான் நகர்த்தினேன். நீ அடுத்தவங்க சாமானத் தொட்டிருக்கே.” அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். “இவரு நிலாவத் திருத்துவாரு. நீ இவரத் திருத்துவே. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி.”

மாப்பிள்ளையும் நானும் முதல்முறையாக ஒரே பக்கத்தில் நின்றோம். எனக்கு அது பிடிக்கவில்லை.

தெருமுனையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்களை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள். கடைக்காரி ஒரு முக்காலியைக் காட்டினாள். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்றாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. நாலு மணிக்கு அதைப் பெரிதாக்கி ஏழாவது ஆணியில் மாட்டினார்கள்.

முகம், காது, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பளிச்சில் அவள் கடைக்காரியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறாள். இவ்வளவு துல்லியமான இளக்காரத்தை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

“ஆழமே இல்ல மச்சான்” என்று விழாவில் என் காதில் கிசுகிசுத்தார் மாப்பிள்ளை. “மூஞ்சியும் தெரியுது, காதும் தெரியுது. மனுஷன் எதைப் பாக்கறது?”

புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை நினைத்துக்கொண்டு எடுத்த படம் அது என்று புது நூலகர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாராம். நாங்கள் மறுக்கவில்லை.