டின்னில் கலந்த தேயிலை

மூடியை இறுக்கி இரண்டு குலுக்குக் குலுக்கியதுமே ஜாடியிலிருந்த ஸ்பிரிட் பழுப்பாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழுக்கானதைக் கழுவினால் அழுக்கு வரத்தான் செய்யும், அதற்கென்ன கோபம் என்று கேட்கலாம். ஆனால் ஜாடிக்குள் கிடந்த கண்ணாடிக் குழாயையும், அதன் அடியில் உட்காரும் பீங்கான் கிண்ணியையும், நகத்தளவு சல்லடை வில்லையையும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நானேதான் கல் உப்புப் போட்டுக் குலுக்கி, வெந்நீரில் அலசி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத் துடைத்து, துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு கை வைக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்த அன்றே கஞ்சாவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாயிற்று. இன்றைக்கு இந்த வேப்பரைசரை, கஞ்சாவை எரிக்காமல் சூடாக்கி ஆவியை மட்டும் இழுக்கிற கருவியை, வெளியே எடுத்ததுகூடப் பக்கத்து வீட்டு சிரிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான். கொடுக்கும் பொருளைக் கழுவிக் கொடுப்போமே என்று ஊறவைத்தேன். பார்த்தால், கட்டித் தேன் மாதிரிப் பிசின் கரைந்து இறங்குகிறது.

இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி நான், எஃபி. இன்னொருவர் என் அப்பா, ரோரி மக்கின்னன். கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் நியூ வாட்டர்ஃபோர்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் அந்தப் பெயரைச் சொன்னால் தெரியாது. டார்ச் ரோரி என்றால் தெரியும். ஊர்ப் போலீசில் இருந்த காலத்தில் சனிக்கிழமை தவறாமல் கடற்கரைக்குப் போய், அங்கே நிற்கிற ஒவ்வொரு காருக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு சிட்டிகை கஞ்சா இருந்தாலும் போதும், பையனைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேரை அவர் உள்ளே வைத்திருக்கிறார். நான் கல்யாணத்துக்கு ஆள் கிடைக்காமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசியில் கிடைத்த ஆளும் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான், அது வேறு கதை.

அவருக்கு இப்போது இடுப்பு போய்விட்டது. மாடியிலிருந்து தவணை முறையில் இறங்குகிறார். நான்கு படி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல் நிற்பார். அந்தப் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு படகு. பக்கத்து ஊரான சிட்னியிலுள்ள எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "எப்படி இருக்கு மிஸ்டர் மக்கின்னன், வலி அதிகமா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, லேசாப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான்" என்றார். டாக்டரும் சரி என்று அவரை அறுவைச் சிகிச்சைப் பட்டியலின் வாலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். வரும் வழி முழுக்கக் காரில் நான் கத்தினேன். அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

ஜாடியிலிருந்து சல்லடை வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரமெல்லாம் கறை, நடுவில் மட்டும் துளைகள் திறந்திருந்தன. ஊசி வைத்துக் குத்தி எடுத்திருக்கிறார். கண்ணாடிக் குழாயின் உள்பக்கத்திலும் சுரண்டின கோடுகள். யாரோ அதில் ஒட்டின பிசினை வழித்து வழித்து மறுபடி கிண்ணியில் போட்டு இழுத்திருக்கிறார். யாரோ என்ன யாரோ.

நானும் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. மீன் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் நின்றவள், அங்கே காட் மீனின் கன்னத்தைக்கூட விடமாட்டோம். தோள்பட்டை வலிக்காக நான் இதை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், கழுவின ஸ்பிரிட்டைத் தட்டில் ஊற்றிப் பின்வாசலில் வைத்து உலரவிடுவேன். அடியில் நிற்கும் பிசினைச் சுரண்டி வெண்ணெயில் உருக்கி, பொட்டளவு ரொட்டியில் தடவிக்கொண்டால் இரவு தூக்கம் வரும். ஆவி போன சக்கையையும் கொட்டமாட்டேன். பழைய காப்பி டின் ஒன்றில் சேர்த்து வைப்பேன், அதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பிஸ்கெட்டுக்கு ஆகும். அந்த டின் மாவு டப்பாவுக்குப் பின்னால் இன்னும் இருக்கவேண்டும் என்று அப்போதுதான் நினைவு வந்தது.

டின் இருந்தது. திறந்தேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, நான் வைத்த அளவிலேயே இருந்தது. அட, மனுஷன் மேல் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு விரலை விட்டுக் கிளறினேன். பழுப்புத் தூளுக்கு நடுவே கறுப்பாக, பொடிப்பொடியாக வேறு என்னவோ. மோந்து பார்த்தேன். தேயிலை. வெந்து, காய்ந்த தேயிலை.

போன மாதம் அவர் அறைக்குப் போர்வை மாற்றப் போனபோது ஹீட்டர் மேல் ஒரு சாசரில் தேயிலைத் தூள் காய்ந்துகொண்டிருந்தது. என்னப்பா இது என்றேன். "செடிக்குப் போடலாம்னு" என்றார். அந்த அறையில் செடியே கிடையாது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் இவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்: அப்பன் வைத்திருக்கும் ரம்மைத் திருடிக் குடித்துவிட்டு, அளவு குறையாமல் இருக்கக் குப்பியில் டீத்தண்ணீரை ஊற்றி வைக்கிற பையன்களைப் பற்றி. பிடித்த திருடர்களிடமிருந்து எல்லாம் கற்று வைத்திருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. இங்கிருந்து கார் ஏறினால் பத்து நிமிஷத்தில் அரசாங்க மதுக்கடை. கஞ்சா சட்டப்படி ஆன பிறகு அங்கே அதையும் விற்கிறார்கள். ஒரு பக்கம் ரம், மறுபக்கம் கஞ்சா, நடுவில் கூடைத் தள்ளுவண்டி. யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. போதகர்கூட வாங்கிக்கொண்டு போகிறார். ஆனால் அங்கே கல்லாவில் நிற்பவள் மொய்ரா. அவள் புருஷனை ஒரு கைப்பிடிக் கஞ்சாவுக்காகக் கோடை முழுக்க உள்ளே வைத்தவர் இவர். வரிசையில் நிற்கிற நரைத்த தலைகளில் பாதி இவர் டார்ச் அடித்த தலைகள். அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கமாட்டார். சரி, என்னிடம் சொல்லியிருக்கலாம். எஃபி, வாங்கிட்டு வா. அவ்வளவுதான் செலவு. அதைச் செலவழிக்க மனம் வராமல், நான் இழுத்துத் துப்பின சக்கையை இழுத்து, குழாயில் ஒட்டினதைச் சுரண்டி இழுத்து, கடைசியில் தான் கலந்த தேயிலையைத் தானே இழுத்துக்கொண்டிருக்கிறார். அதில் எந்த வலி அடங்கும்? தொண்டைதான் புண்ணாகும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அறுவடை முடிந்து கொண்டாடும் நன்றி நாள் விருந்துக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த என் தங்கை நோரீன், அப்பாவின் ஸ்வெட்டரை மடிக்கும்போது மோந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இப்படி நாறுது?" என்று கேட்டிருக்கிறாள். "உன் அக்காதான், வேற யாரு" என்றிருக்கிறார் இந்த மகராசன். அதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கஞ்சாப் புகைக்குள் அப்பாவை விட்டுவைக்க முடியாது என்று அவள் ஊருக்குப் பக்கத்தில் டார்ட்மவுத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். இன்றைக்குத்தான் அழைத்துக்கொண்டு போக வருகிறாள். அப்பாவின் பெட்டி காலையிலிருந்தே வாசலில் இருக்கிறது. அவரே கட்டிக் கொண்டுவந்து வைத்தது. உண்மையைச் சொல்வதைவிட ஊரை விட்டே போகத் தயாராக இருக்கிறார்.

போகட்டுமே என்று பாதி மனம் சொன்னது. பொய் சொல்ல விரும்பவில்லை, அவர் போனால் எனக்கென்று ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். ஆனால் அங்கேயும் ஒரு நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்பாள், ஒண்ணுமில்ல என்பார். அவள் நம்பிவிடுவாள். அங்கே இந்தச் சக்கை டின்கூட இருக்காது. வலியை வாய்க்குள் பூட்டிக்கொண்டு, சுவரில் படகுப் படம் பார்த்துக்கொண்டு, அப்படியே கிடப்பார். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார்ச் சத்தம் கேட்டதும் அப்பா மாடியிலிருந்து இறங்கினார். டை கட்டியிருந்தார். மேஜை முன் உட்கார்ந்தபோது முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்த விரல்கள்தான் வெளுத்தன. நோரீன் குளிரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் அவள் கண் பாத்திரம் கழுவும் தொட்டியருகே இருந்த ஜாடிக்குப் போனது.

"என்னக்கா இது, கடை விரிச்சு வச்சிருக்க? பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவ பண்ற காரியமா?"

"கழுவிட்டிருக்கேன். பாத்தா தெரியல?"

"யாருக்குக் கழுவுற? நீதான் விட்டுட்டேன்னு சொன்னியே. பேய் வந்து இழுக்குதா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்களேன்ப்பா."

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு இந்தச் சனியனப் பத்தியெல்லாம் என்ன தெரியும்?"

"அவர ஏன் இழுக்குற?" என்றாள் நோரீன். பிறகு குழந்தையிடம் பேசுவதுபோல அவர் பக்கம் குனிந்தாள். "அங்க எல்லா வசதியும் இருக்குப்பா. ரூம்லயே பெல் இருக்கு. வலிச்சா அமுக்கினா போதும், ஓடி வந்துருவாங்க."

"எனக்கு எங்க வலிக்குது?"

"அதான பாத்தேன்" என்றேன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு கெட்டிலை அடுப்பில் வைத்தேன். "குளிர்ல வந்திருக்க நோரீன். ஒரு வாய் டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

தேயிலைப் பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நான் காப்பி டின்னை எடுத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு செய்யவில்லை. அப்பா பார்க்கட்டும் என்று மேஜையிலேயே வைத்துத் திறந்தேன். பீங்கான் டீக்கூஜாவில் இரண்டு கரண்டி தாராளமாக அள்ளிப் போட்டேன். வெறும் வெந்நீரில் அந்தச் சக்கையிலிருந்து ஒன்றும் இறங்காது, வெண்ணெயில் வதக்கினால்தான் இறங்கும். அது எனக்குத் தெரியும். டார்ச் ரோரிக்குத் தெரியாது. அப்படியும் நோரீனின் உதடு கோப்பையைத் தொட நான் விட்டிருக்கமாட்டேன்.

"புது டீத்தூளா?" என்றாள் நோரீன்.

"அப்பாவோட பக்குவம். அவரே காயவச்சுக் கலந்து வச்சிருக்காரு."

அப்பாவின் கை கைத்தடிக்குப் போனது. நான் வெந்நீரை ஊற்றினேன். ஈரவைக்கோல் வாசனை கிளம்பியது. வேண்டுமென்றே மெதுவாக வடிகட்டி, டின்பாலைத் தாராளமாக விட்டு, சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே நின்றேன். அவருக்கு நேரம் கொடுத்தேன். எத்தனை நேரம் வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அவர் சன்னலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஆறிப்போன கோப்பையை நான் நோரீன் முன்னால் வைத்ததைப் பார்த்தார். இந்த மனுஷனுக்கு மானம் பெரிதா மகள் பெரிதா என்று அந்த நொடியில் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, பயமாக இருந்தது.

"ஏதோ மூலிகை வாசம் அடிக்குதே" என்று நோரீன் கோப்பையைத் தூக்கினாள். என் கை தன்னால் முன்னே போனது.

"நோரீன். கீழ வை."

அப்பாதான். கடற்கரையில் கார்க் கதவைத் தட்டுகிற குரல். பல வருஷமாக நான் அதைக் கேட்கவில்லை. நோரீன் பதறி வைத்துவிட்டாள்.

"என்னப்பா?"

"நீ வண்டி ஓட்டணும்."

"டீ குடிச்சா வண்டி ஓட்டக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. காருக்குள் வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்குகிற பையன்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருந்திருக்கும். "அதுல வேற கலந்திருக்கு" என்றார். "என்ன கலந்திருக்கு?" என்று அவள் மறுபடி கோப்பையைப் பார்க்க, அவர் அதை அவளிடமிருந்து எடுக்க எட்டினார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரே வீச்சில்தான் எழுவார். அவசரத்தில் மறந்துவிட்டார். கோப்பை கைக்கு வந்தது, உடம்பு பாதியில் திருகி நின்றுவிட்டது. அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை அம்மா செத்த அன்றுகூட நான் கேட்டதில்லை.

நோரீன் ஓடிப்போய் ஒரு தோளைப் பிடித்தாள். உட்காரவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் வளைந்து நின்றார், கையில் கோப்பை தளும்பாமல் இருந்தது.

"எஃபி, என்ன பாத்துட்டு நிக்கிற? வந்து இந்தப் பக்கம் பிடி."

நான் அசையவில்லை. சின்ன புத்திதான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை காலம் கத்தியிருக்கிறேன். "எதுக்குப் பிடிக்கணும்?" என்றேன்.

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா?" என்று நோரீன் கத்தினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "வலிக்குது" என்றார். "ரொம்ப வலிக்குதும்மா."

ஸ்பிரிட் வாடை போகாத கையோடு ஓடிப்போய் மறுபக்கம் தோள் கொடுத்தேன். இவ்வளவு கனமாக இருப்பார் என்று நினைக்கவில்லை. நோரீன் கோப்பையை வாங்கப் பார்த்தாள், அவர் விரல்கள் விடவில்லை. அதில் ஒன்றுமே இறங்கியிருக்காதுப்பா என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் அவர், எங்கள் இருவர் மேலும் பாரத்தைப் போட்டு நின்றபடியே, கோப்பையை உயர்த்தி மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். வடிகட்டியில் தப்பின சக்கை ஒரு துணுக்கு அவருடைய வெள்ளை மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோரீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துடைக்கவில்லை.