நான் ஆக்காத சோறு

மலர் இறந்துபோன விஷயம் 'இமயமலை பக்தி உலா' வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும்தான் தெரியாது. கிள்ளானில் அவர்கள் குடியிருந்த தாமான் வீடுகள் முழுக்கத் தெரியும். பாசாரில் கீரை விற்கிற அக்காவுக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும், ஏனென்றால் ஒரு கட்டு பசலைக்கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டே மலர் சாய்ந்தது அவர் கடை முன்னால்தான். அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை. ஆனால் குழுவில் மலர் நன்றாகவே இருந்தார். தினமும் காலையில் முருகன் படம் போட்டு எல்லோரையும் கும்பிட்டார்.

கும்பிட்டது அவருடைய மகன் ஜீவன்.

அவன் வேண்டுமென்று ஆரம்பிக்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள், அணைந்து கிடந்த அம்மாவின் போனைச் சும்மா சார்ஜில் போட்டான். போன் கண் விழித்ததும் பூச்சோங் இராஜம்மா ஆன்டியின் செய்தி வந்து விழுந்தது: 'மலர் சிஸ்டர் எங்க ஆளையே காணோம்? எங்க மேல கோவமா லா?' உண்மையை எழுதிவிடலாம் என்று 'அம்மா' வரை தட்டினான். அதற்கு மேல் விரல் போகவில்லை. எழுதியதை அழித்துவிட்டு ஒரு கும்பிடு போட்டான். ஒரு நிமிடத்துக்குள் பன்னிரண்டு பேர் இதயம் அனுப்பினார்கள். உயிரோடு இருந்தபோதுகூட அம்மாவுக்கு ஒரே நேரத்தில் இத்தனை இதயம் கிடைத்ததில்லை.

அப்பா பக்கிரிசாமியிடம் காட்டினான். திட்டுவார் என்று நினைத்தான். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"முருகன் படம் ஒண்ணு சேத்துப் போடு. அவ வெறுங்கும்பிடு போட மாட்டா."

"சொல்ல வேணாமாப்பா?"

"சொன்னா மலைக்கு விட மாட்டானுங்கடா."

அதுவும் சரிதான். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது. பத்துமலைப் படிகூட மிதிக்கக் கூடாது. இந்த விதியை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் யாரிடம் போய் மனுக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

பக்கிரிசாமி பக்திமான் அல்ல. போர்ட் கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டி ஓய்ந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே சாமி, ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கர். இந்த இமயமலைப் பயணம் முழுக்க முழுக்க மலரின் யோசனை. மணிகரண் என்று ஓர் ஊர். பள்ளத்தாக்கின் அடியில் கொதிக்கிற ஊற்று. ஒரு பக்கம் சிவன் கோயில், பக்கத்திலேயே குருத்வாரா. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆவி. அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றுக்குள் விட்டால் சோறாக வந்துவிடும். இதையெல்லாம் ஒரு வீடியோவில் மலர் பார்த்துவிட்டு வீட்டில் இருந்த இரண்டு ஆண்களையும் கூப்பிட்டார்.

"அடுப்பு இல்ல, கேஸ் இல்ல, ரைஸ் குக்கர் இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்ல நான் ஆக்காத சோறுன்னு ஒரு நாள் வெந்திருக்கா? அங்க போய்க் காலை நீட்டி உக்காந்துக்குவேன். தானா வேகட்டும். நான் பாக்கணும்."

"கடையில சோறு வாங்கியாந்து குடுத்திருக்கேன்ல?" என்றார் பக்கிரிசாமி.

"அதை எவளோ ஒருத்தி ஆக்குனாளா இல்லியா?"

மறுநாளே அவர் பயணத்துக்குப் பெயர் கொடுத்தார். பெயர் கொடுத்த பிறகு ஒரே ஒரு கூட்டம் நடந்தது. அதில் மலர் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். அடுத்த கூட்டத்துக்குள் பாசாருக்குப் போய்விட்டார்.

இப்போது பக்கிரிசாமியின் திட்டம் எளிமையானது. மலருக்கு முட்டி வலி, அதனால் அவருக்குப் பதில் பையன் வருகிறான். மலர் கடைசியாக அரிசி டின்னில் கொட்டியதிலிருந்து ஒரு கை அரிசி எடுத்து, மலர் தேங்காய்ப்பால் பிழிகிற துணியில் பக்கிரிசாமியே முடிந்து வைத்திருந்தார். அந்த முடிச்சைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பார்ப்பவர்கள் நெஞ்சுக்கு ஏதோ மிஷின் வைத்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

இரண்டாவது கூட்டமும் பிரிக்பீல்ட்ஸில்தான், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். இமயமலையைப் பற்றிய எல்லா விளக்கமும் பொரித்த மீன் வாசனையோடு வந்தது. பயணத்தை நடத்துகிற வாசு, டிராக் சூட்டும் நெற்றி நிறைய விபூதியுமாகச் சுவரில் படம் காட்டினார்.

"இது ரிவால்சர் ஏரி. ஒரே ஏரி, மூணு மதம். இந்தப் பக்கம் நம்ம கோயில், அந்தப் பக்கம் குருத்வாரா, இதோ பெருசா ஒக்காந்திருக்காரே, இவர் பௌத்தங்க குரு. எல்லாரும் ஒத்துமையா இருப்பாங்க. டாய்லெட்டு மட்டும் ஒண்ணுதான். அங்க ஒத்துமை கொஞ்சம் கொறையும்."

"ஏரியில மாதா இல்லியா?" என்றார் வெரோனிகா ஆன்டி. சுங்கை பூலோக்காரர், ரயில்வே குடும்பம், கத்தோலிக்கர். முதல் கூட்டத்திலேயே, 'நான் சீனரிக்கு வரேன், சாமி வந்தா போனஸ்' என்று சொல்லி மலரிடம் கைதட்டல் வாங்கியவர்.

"அதுக்கு வேற பேக்கேஜ் இருக்கு ஆன்டி."

இராஜம்மா ஆன்டி கதவைத் தாண்டியதுமே கேட்டுவிட்டார். "அண்ணே, எங்க மலர் சிஸ்டர்?"

"முட்டி வலிமா. பையன் வரான்."

"அய்யோ, நேத்துகூட மெசேஜ் போட்டாங்களே, ஒண்ணும் சொல்லலியே!"

"அம்மா முட்டியைப் பத்தி வெளிய பேச மாட்டாங்க ஆன்டி," என்றான் ஜீவன். அவனுக்குப் பொய் சரளமாக வரும். கல்லூரியில் முதல்வர் பெயரில் அவன் எழுதி ஒட்டிய அறிவிப்பை முதல்வரே நம்பி லீவு எடுத்திருக்கிறார்.

படம் முடிந்தது. வாசு விளக்கைப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியா ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல தவறிப்போயி ஒரு வருஷம் ஆகாதவங்க யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. போன தடவை ஒருத்தர் மறைச்சிட்டு வந்துட்டாரு. பாதி வழியில மலை சரிஞ்சு ரோட்டையே மூடிடுச்சு. ராத்திரி பூரா பஸ்ஸுக்குள்ள. சாமி சத்தியமா, அதுலேர்ந்து எல்லார்கிட்டயும் கேட்டுட்டுதான் ஏத்துறேன்."

பக்கிரிசாமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இப்போது படம்கூட இல்லை.

"யாரும் இல்ல. நல்லது," என்றார் வாசு.

அப்போதுதான் இராஜம்மா ஆன்டி தன் பையைத் திறந்தார். உள்ளே ரோஸ் கலரில் ஒரு கம்பளிச் சட்டை. கையால் பின்னியது. "சிஸ்டர் அன்னிக்கே சொன்னாங்க, குளிரு தாங்காதுன்னு. பூச்சோங்ல எவன் கம்பளி விப்பான்? நூல் தேடி அலைஞ்சேன். முட்டி சரியாயி அடுத்த ட்ரிப்புக்காச்சும் போட்டுக்கட்டும். இருங்க, கை நீளம் சரியான்னு அவங்களையே கேட்டுர்றேன்."

ஜீவன் தடுப்பதற்குள் அவர் அழைத்துவிட்டார்.

மலரின் போன் ஜீவனின் கால்சட்டைப் பையில் மணியடித்தது. மலருக்குக் காது கொஞ்சம் மந்தம். கோயில் மணியை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். அறையில் எல்லோரும் அவன் கால்சட்டையைப் பார்த்தார்கள். ஒருவர் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவனிடம் பொய் தயாராகவே இருந்தது. அம்மா போனை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார். அம்மா மறந்து விட்டுவிட்டார். அம்மா புதுப் போன் வாங்கிவிட்டார். மூன்றும் நல்ல பொய்கள். வாயைத் திறந்தான்.

இராஜம்மா ஆன்டி அதற்குள் சட்டையைப் பக்கிரிசாமியின் மடியில் வைத்திருந்தார். "நீங்களே குடுத்துருங்கண்ணே."

பக்கிரிசாமி அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டார், யாரோ துப்பாக்கி காட்டியதுபோல.

"வேணாம்மா. எடுத்துக்குங்க."

"ஏண்ணே? கலர் புடிக்கலியா?"

"அவ இல்லம்மா."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஜீவன்தான் பைக்குள் கையை விட்டு அதை அமுக்கினான்.

பிறகு நடந்தது ஒரு சின்னப் பாராளுமன்றம். அழுது முடித்தவர்கள் முதலில் பேசினார்கள். வெரோனிகா ஆன்டி நேராக வாசுவிடம் போனார்.

"இந்த ரூல் உங்க சாமிக்குத்தானே? சீக்கியங்க கோயில்ல கேட்டாங்களா? புத்தர் கேட்டாரா? ஏரியில மூணுல ரெண்டு பங்கு அவரு போகலாமா இல்லியா?"

"ஆன்டி, ரோடு மலை மேலதான் போவுது. ரோட்டை மூணா பிரிக்க முடியாது."

"அங்கிள்," என்றான் ஜீவன். "மணிகரண் பள்ளத்தாக்குல இருக்கு. பள்ளத்துல எறங்கத்தான் முடியும். யாரும் ஏற முடியாது. நாங்களே கிள்ளான் பள்ளத்தாக்குலேர்ந்துதான் வரோம். பள்ளத்துலேர்ந்து பள்ளத்துக்குப் போறோம். நடுவுல பிளேன் ஏறுறதெல்லாம் ஏறுறதுல சேராது."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டார்கள். வாசு சிரிக்கவில்லை. பக்கிரிசாமியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் தடுக்கல. உங்களைத் தடுக்க நான் யாரு? ஆனா எனக்குப் பயமா இருக்குண்ணே. நீங்க பஸ்ல இருந்தா ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு அதே நெனப்பா இருக்கும். சின்னக் கல்லு உருண்டாலும் எல்லாரும் உங்களைத்தான் பாப்பாங்க."

ஜீவன் அப்பாவைப் பார்த்தான். கோபப்படுவார், கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தான். ஆனால் பக்கிரிசாமி தலையாட்டினார். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்கு வழி விடுகிற தலையாட்டல்.

"வண்டிய கொண்டு போறவனுக்குப் பயம் வந்துட்டா ஏத்தம் ஏறக் கூடாது வாசு. நானும் கேமரன் மலைக்கு ஓட்டுனவன்தான்."

சட்டைப் பையிலிருந்து முடிச்சை எடுத்தார். "இதை மட்டும் யாராச்சும் கொண்டு போங்க. அந்தத் தண்ணியில விடணும். அவ்வளவுதான்."

இராஜம்மா ஆன்டியின் கை பாதி வந்தது. சாவு வீட்டு அரிசி. கை அங்கேயே நின்றது. நின்றதைப் பார்த்து அவரே இன்னும் அதிகமாக அழுதார். வெரோனிகா ஆன்டி குறுக்கே கையை நீட்டி முடிச்சை வாங்கி, தன் கைப்பையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"எவ்ளோ நேரம் வேகணும்ணே?"

பக்கிரிசாமிக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அது தெரிந்தவர் ஒருவர்தான்.

கீழே இறங்கி எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அம்மாவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. 'வாசு டூர், உங்களைக் குழுவிலிருந்து நீக்கினார்.' கருமாதிக்கு வந்த ஐயர்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் செய்து முடிக்கவில்லை.

குழு கிளம்பிப் போனது. பக்கிரிசாமி சமைக்கப் பழகினார். அதாவது, தினமும் சோறு குழைந்தது. ஜீவன் அதைச் சோறு என்றே அழைத்தான்; மரியாதைக்காக.

ஒரு மத்தியானம் அடுப்பங்கரையில் அப்பாவின் போன் சத்தம் போட்டது. கூடத்தில் இருந்த ஜீவனுக்கு வீடியோவின் குரல் மட்டும் கேட்டது. தண்ணீர் கொதிக்கிற இரைச்சல். பின்னணியில் ஒரு பஜனையும் ஒரு கீர்த்தனையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. வெரோனிகா ஆன்டி கத்தினார்: "அண்ணே, பாருங்க! வேகுது! நாங்க யாரும் ஒண்ணுமே பண்ணல! சும்மாதான் உக்காந்திருக்கோம்!"

அடுப்பங்கரையில் அந்த வீடியோ மூன்று தடவை ஓடியது.

பிறகு ஜீவனின் பைக்குள் அம்மாவின் போன் அதிர்ந்தது.

அப்பா அனுப்பியிருந்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை, வீடியோ மட்டும். ஜீவன் திறந்தான். ஆவிக்கு நடுவே ஒரு கயிறு, கயிற்றின் முனையில் தேங்காய்ப்பால் துணி. கயிற்றைப் பிடித்திருந்தது வெரோனிகா ஆன்டி அல்ல, இராஜம்மா ஆன்டி. ரோஸ் கலர் கம்பளிச் சட்டையைத் தானே போட்டிருந்தார். மலரின் அளவுக்குப் பின்னியது. கை முழங்கையோடு நின்றுவிட்டது. குளிரில் மூக்கு சிவந்திருந்தது. காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துணி தூக்கப்பட்டது, அவிழ்ந்தது. உள்ளே சோறு பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவின் திரையில் இந்நேரம் இரண்டு டிக்கும் நீலமாகியிருக்கும்.

அம்மா இதற்கு என்ன பதில் போடுவார் என்று ஜீவனுக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். இத்தனை நாள் அம்மாவாகக் கும்பிட்டவன், இந்த ஒரு வரி எழுத மாட்டானா? 'கொ' என்று தட்டினான். அடுத்த எழுத்துக்கு விரலைக் கொண்டுபோனான். விரல் அங்கேயே நின்றது.

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஜீவா."

"என்னப்பா?"

"அம்மா ஏதோ எழுதுறாடா."

அப்பா எட்டிப் பார்க்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால்தான் நின்றிருப்பார். அடி பிடிக்கிற வாசனை மெல்ல வந்தது.

"எழுதட்டும்பா," என்றான் ஜீவன்.

அப்பாவின் குரல் வந்தது, யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல.

"கொழஞ்சிருச்சுன்னுதான் சொல்லுவா."

ஜீவன் அந்த ஒற்றை எழுத்தையும் அழித்தான்.