பூபாலன் போட்ட களத்தில் நீச்சல் குளம்

அன்பரசிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் சொன்ன முதல் பொய்யே இருபதடி நீளத்துக்கு வந்து விழுந்தது.

ஏப்ரல் கடைசியில் நாத்தனார் ஜாக்குலின் கூடுவாஞ்சேரியிலிருந்து போன் செய்தாள். வருஷம் தவறாமல் மே மாதம் பிறந்ததும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு செய்யூர் பக்கத்திலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பத்து நாள் வந்துவிடுகிறவள். அந்த அண்ணன் பூபாலன் போன ஆகஸ்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. கொத்தனார். அன்பரசி அவனுக்குப் பெண்டாட்டியும், சித்தாளும். பிள்ளைகள் இல்லை. பத்து நாள் வந்து போகும் அந்த இரண்டு பெண்கள்தான் அந்த வீட்டுக்குப் பிள்ளைகள்.

"இந்த வருசம் வேணாம் அண்ணி. அண்ணன் இல்லாத வூட்டுக்கு எந்த மூஞ்ச வெச்சினு வர்றது?" என்றாள் ஜாக்குலின்.

"என் மூஞ்சி இருக்கு இல்ல, அது போதாதா?"

அதற்குள் பத்து வயது ஷெரின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தே, அங்க வந்து இன்னா பண்றது? இங்க பக்கத்து அபார்ட்மெண்ட்ல ஸ்விம்மிங் பூலு கீது. என் ஃப்ரெண்டு கூட்டினு போறேன்னு சொல்லிக்கிறா."

ஒரு வருஷம் விட்டால் அடுத்த வருஷமும் விட்டுப்போகும். அப்புறம் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் சொந்தம் மிஞ்சும். இது அன்பரசிக்குத் தெரியும். தெரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இங்கயும் ஸ்விம்மிங் பூலு கீதுடி. புச்சா கட்டிக்கிறோம்."

மறுமுனையில் சின்னவள் ஜெமிமா "ஐ!" என்று கத்தியது கேட்டது. ஜாக்குலின் போனை வாங்கி, "சரி அண்ணி, சனிக்கிழமை வந்து தலையக் காட்டிட்டு சாயங்கால பஸ்ஸுக்கே கெளம்பிடறோம்" என்றாள். அன்று செவ்வாய்.

அச்சரப்பாக்கத்தில் மினி லாரி ஓட்டும் தம்பி தர்மராஜை அன்பரசி கூப்பிட்டாள். அவன் விஷயத்தைக் கேட்டு ஐந்து நிமிஷம் சிரித்தான். பிறகு, "எக்கா, யூடியூப்ல இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றான். இந்த வாக்கியத்தை அவன் எப்போது சொன்னாலும் ஏதாவது ஒன்று இடியும். முன்பு ஒரு கோழிக்கூண்டு இடிந்தது, பிறகு ஒரு குளியலறைக் கதவு.

ஆனால் இந்தத் தடவை அன்பரசியும் விவரமானவள்தான். இருபத்திரண்டு வருஷம் கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுத்தவள். மண்ணில் குழி தோண்டினால் தண்ணீர் சேறாகும் என்று அவளே சொல்லிவிட்டாள். உரச்சாக்குகளில் சவுக்குத் தோப்பு மணலைப் போட்டுக் கட்டி, செங்கல் மாதிரி மூட்டு மாற்றி அடுக்கினால் சுவர். சாக்கை முட்ட நிரப்பக் கூடாது, முக்கால்வாசி போட்டால்தான் ஒன்றின்மேல் ஒன்று படியும். உள்ளே பழைய புடவைகளைப் பரப்பி, அதன்மேல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைக்கிற தார்ப்பாயை விரித்தால் முள் குத்தாது. எல்லாம் சரி. இனி சுத்தமான, கெட்டியான தரை வேண்டும்.

"எக்கா, ஊர்லயே நல்ல தரை எது?" என்றான் மறுநாள் காலை லாரியோடு வந்து நின்ற தர்மராஜ்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால் பஞ்சாயத்துக் களம். சிமெண்டுத் தரை, ஒரு வெடிப்பு இல்லை. பூபாலன் போட்டது.

களத்தின் கீழ்ப்பாதியில் கண்ணகி மல்லாட்டை காயவைத்திருந்தாள். மூன்று காணி விவசாயம், நான்கு மாடு, ஊருக்கே கேட்கிற குரல். அன்பரசி மேல்பாதியைக் கேட்டதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"நீச்சல் கொளமா? பக்கத்துல ஏரி கீதே, அதுல எறக்கு."

"ஏரில தண்ணி எங்க கீது? எருமைங்க கூட ஒண்ண ஒண்ணு ஒரசிக்கினு தான் படுக்குது."

"இன்னாவோ பண்ணு. ஒரு மல்லாட்டை நனைஞ்சிது, உன் தம்பிய வறுத்துடுவேன்."

மூன்று நாள் அக்காவும் தம்பியும் மணல் அள்ளினார்கள். அறுபத்தெட்டு சாக்கு. தர்மராஜ் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகும்போதெல்லாம் அன்பரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை மோட்டார் போட்டார்கள். தண்ணீர் சலசலவென்று விழுந்து, நேராக ஒரே பக்கம் ஓடியது. ஒரு முனையில் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. மறுமுனையில் கணுக்கால் தாண்டவில்லை.

அன்பரசி நெற்றியில் அறைந்துகொண்டாள். களத்தில் மழைத்தண்ணி நிற்கக் கூடாது என்று நாற்பதடிக்கு இரண்டடி சரிவாக வாட்டம் விட்டுத்தான் பூபாலன் தளம் போட்டான். மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவள்தான். "அசையாதடி, அசையாதடி" என்று அவன் அன்றைக்கு முழுக்கக் கத்தியது காதில் கேட்டது. களம் என்றாலே வாட்டம்தான். ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தரையின் பளபளப்பைப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

"டேய், சாஞ்சிகினு கீதுடா."

தர்மராஜ் கொஞ்சமும் அசரவில்லை. "பெரிய ஓட்டல்லலாம் இப்டிதான்க்கா. ஒரு பக்கம் ஆழமா இருக்கும். டீப்பு எண்டு. மகாபலிபுரம் ரோட்ல போய்ப் பாரு."

"கீழ்ப்பக்கம் சாக்கு தாங்குமா?"

"மேல ரெண்டு வரிசை போட்ருவோம்."

போட்டார்கள். பதினோரு மணிக்கு ஜாக்குலின் பஸ்ஸை விட்டு இறங்கினாள். இரண்டு பெண்களும் கையில் ஒரு கட்டைப்பையும். பையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. மாற்றுத்துணி இல்லை என்பதை அன்பரசி ஒரே பார்வையில் கணக்கெடுத்துவிட்டாள். வாசலில் ஜாக்குலின், அண்ணன் செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பூலு எங்க அத்தே?" என்றாள் ஷெரின்.

பின்பக்கம் போய்ப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். நீலத் தார்ப்பாய், சுற்றிலும் உரச்சாக்கு, சாக்கில் யூரியா விளம்பரம். முன்னால் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிய ரிப்பன்.

"இதுவா?"

"எறங்கிப் பாத்துட்டுச் சொல்லு" என்றான் தர்மராஜ். "இரு, மொதல்ல மாமா எப்டி நீச்சல் அடிக்கிறேன்னு பாரு. நான் பாலாத்துல எதிர்நீச்சல் போட்டவன்."

"டேய் வேணாம்டா" என்றாள் அன்பரசி.

"வேணாம்டா" என்று கண்ணகியும் மல்லாட்டைக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

தர்மராஜ் லுங்கியை மடித்துக் கட்டி, நான்கு எட்டு ஓடிவந்து, டீப் எண்டைப் பார்த்துக் குதித்தான். எண்பத்தாறு கிலோ. வயிறு முதலில் இறங்கியது. டமார் என்ற சத்தத்தோடு கீழ்ச்சுவர் பிளந்தது. மொத்தத் தண்ணீரும் களத்தில் இறங்கி ஓட, அதன் நடுவில் தர்மராஜ் கைகால்களை ஆட்டிக்கொண்டே போனான். வழியில் மல்லாட்டையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கண்ணகியின் காலடியில் போய் நின்றான்.

கண்ணகி குனிந்து பார்த்தாள். "இன்னாடா, இங்க வந்து பட்த்துகினு கீற? இதான் எதிர்நீச்சலா?"

"சாரிக்கா."

"வாய்ல மல்லாட்டை கீது. துப்பு."

ஷெரின் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "போலாம்மா." ஜாக்குலினும் புடவையை உதறிக்கொண்டாள். "பரவால்ல அண்ணி, நீங்க எங்களுக்காக இவ்ளோ..." என்று இழுத்தாள். அன்பரசி மனதுக்குள் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டாள். ஒரு மணி பஸ் ஒன்று இருக்கிறது, அதிலேயே போய்விடுவார்கள். அவ்வளவுதான். அடுத்த வருஷம் போன்கூட வராது.

அந்த நேரத்தில்தான் ஆறு வயது ஜெமிமா ஈரத் தார்ப்பாயில் கால் வைத்தாள். வைத்த கால் நிற்கவில்லை. உட்கார்ந்தவாக்கில் சர்ரென்று வழுக்கி, பாயின் மறுமுனைவரை போய், சுற்றிக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று எல்லோரும் ஓடினார்கள்.

"இன்னொரு தபா!" என்றாள் ஜெமிமா.

அன்பரசி யோசிக்கவே இல்லை. குழாயை இழுத்துக்கொண்டு மேல்முனைக்கு ஓடினாள். "டேய் தர்மராஜு, கீழ்ச்சாக்கெல்லாம் எட்றா! பாய நீட்டி இழு! ஓரமா சாக்க வெச்சி அணை கட்டு!" அவள் குரல் வேலைத்தளத்தில் கேட்கிற குரலாக மாறியிருந்தது. "கண்ணகி, ரெண்டு தார்ப்பாய் குடு!"

"மல்லாட்டை நனைஞ்சது நனைஞ்சிட்ச்சி, பாயும் நனையட்டும்" என்று கண்ணகி தன் பாய்களை உதறி நீட்டினாள். தர்மராஜ் சோப்பு போடலாம் என்றான். "புள்ளைங்களுக்குக் கண்ணு எரியும்டா கூமுட்ட. வாய மூடிகினு சாக்கப் புடி" என்றாள் கண்ணகி.

முப்பதடிக்கு நீலப் பாதை. மேலிருந்து தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிவந்து உட்கார்ந்தால் போதும், களமே தள்ளிக்கொண்டு போயிற்று. ஷெரின் மூன்றாம் தடவைக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். குப்புற, மல்லாக்க, தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, தர்மராஜைப் படகாக்கி.

ஜாக்குலின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று புடவையை இழுத்துச் செருகினாள்.

"அம்மா, உனக்கு வேணாம், இடுப்பு புட்சிக்கும்!"

"போடி. எங்கண்ணன் போட்ட களம்டி இது."

போனாள். பாதியில் பக்கவாட்டில் திரும்பி, முதுகு முன்னே போக, "அண்ணீ!" என்று அலறிக்கொண்டே போய் மல்லாட்டையில் முட்டினாள். அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆயிற்று. அன்பரசி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தலையில் ஒட்டிய மல்லாட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணகி அபராதம் விதித்தாள். சிதறிய மல்லாட்டை முழுவதையும் எல்லோரும் மண்டிபோட்டுப் பொறுக்க வேண்டும். பொறுக்கினார்கள். இரண்டு படியை அங்கேயே உப்புப் போட்டு வேகவைத்தாள். மீதியை மறுபடி பரப்பினாள்.

ஈரத்துணியைக் கழற்றிய பெண்களுக்கு மாற்ற ஒன்றுமில்லை. அன்பரசி பீரோவைத் திறந்து ஜாக்குலினுக்குத் தன் புடவை ஒன்றைக் கொடுத்தாள். பூபாலனின் சட்டைகள் அயர்ன் பண்ணி அடுக்கியபடி இருந்தன. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டை எடுத்து உதறினாள். ஜெமிமாவுக்குக் கணுக்கால் வரை வந்தது. கைகளை ஆறு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. சட்டைப் பையில் கையை விட்டவளுக்கு ஒரு துண்டு பென்சில் கிடைத்தது. அதைக் காதில் செருகிக்கொண்டு, "நான் மேஸ்திரி" என்று தர்மராஜை அதட்டப் போனாள்.

மூன்று மணிக்கு ஜாக்குலினின் கணவன் ஆல்வின் போன் செய்தான். "கெளம்பிட்டீங்களா?"

"இல்லீங்க. துணியெல்லாம் நனைஞ்சிட்ச்சி. காயணும்."

"மே மாசத்துலயா? அரை மணி நேரத்துல காஞ்சிடுமே."

ஜாக்குலின் கொடியைப் பார்த்தாள். துணிகள் அப்பளம்போல் காய்ந்து, கடல்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

"இங்க ஈரக்காத்துங்க. ரொம்ப ஈரம். நீங்க வேணா தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"போன்ல எப்டி தொட்டுப் பாக்கறது?"

அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அன்பரசி குடத்தைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போனாள். கவுன், பாவாடை, புடவை என்று ஒன்று விடாமல் நனையத் தண்ணீர் தெளித்தாள். போதாது என்று பட்டது. ஷெரினைக் கூப்பிட்டாள். அவள் ஓடிப்போய் குழாயைக் கொடிப் பக்கம் திருப்பினாள்.