வறண்ட இடம் பார்த்து வெட்டிய பங்கர்

அன்று காலை அந்தப் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இருந்தவர்கள் இவர்கள்தான்: ஆழ்வாப்பிள்ளை, அவருடைய மனைவி பூரணம், மகள் சின்னத்தங்கம், மருமகன் தியாகலிங்கம், வேலிக்கு அப்பால் குடியிருந்த அருளம்பலம். அருளம்பலம் குடும்பத்துக்கு உறவில்லை. அவருடைய வீட்டு வளவில் பங்கர் இல்லாததால், குண்டுபோட வருகிற பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டவுடன் வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் புகுந்து இங்கே ஓடிவந்துவிடுவார். வேறு எவரும் அங்கே இருக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில் சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து பூரணத்துக்குக் காதே எதிரியாகிவிட்டது. காதருகே ஒரு வண்டு இரைந்தாலும் பொம்பர் என்று திடுக்கிடுவாள். கோப்பாய்ச் சந்திப் பக்கம் லொறி ஒன்று இரைந்துகொண்டு போனால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள். பிறகு பங்கர் வந்தபோது அதற்குள் முதலில் இறங்கினவளும் அவள்தான், கடைசியாக ஏறி வந்தவளும் அவள்தான். ஆழ்வாப்பிள்ளை அவளுடைய பயத்தைக் குறையாக நினைக்கவில்லை. பயப்படுகிற பெண்சாதிக்குப் பாதுகாப்பான இடம் செய்துகொடுப்பது தன் கடமை என்று நினைத்தார். அதனால்தான் அந்த ஒழுங்கையில் வேறெந்த வீட்டிலும் இல்லாத மாதிரி ஒரு பங்கர் வெட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

தியாகலிங்கம் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவன். இடுப்பளவு வெட்டினால் போதும், மிச்சத்தை மண்மூடை அடுக்கி மேலே எழுப்பலாம் என்று அவன் பணிவாகச் சொல்லிப் பார்த்தான். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. மேலே எழுப்பினால் அது பங்கரா, பிரேதம் புதைத்த மேடா என்று கேட்டார். ஆளுயரத்துக்கும் மேலாக, கல்லை உடைத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மாரிகாலத்தில் குழிக்குள் தண்ணீர் வரும் என்று மருமகன் சொன்னதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. நீர்வேலியிலிருந்து ஏரம்புவைக் கூப்பிட்டனுப்பினார்.

ஏரம்பு நீரோட்டம் பார்க்கிறவர். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வளவு முழுவதும் நடப்பார். நிலத்துக்குக் கீழே தண்ணீர் நரம்பு ஓடுகிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அந்தப் பகுதியில் அவர் காட்டாமல் வெட்டிய கிணறு குறைவு. ஆழ்வாப்பிள்ளை அவரிடம் கேட்டதோ தலைகீழான காரியம். தேங்காய் எழும்பாத இடத்தைக் காட்டச் சொன்னார்.

“தண்ணி இல்லாத இடம் பாக்கச் சொல்லி இண்டுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை ஐயா,” என்றார் ஏரம்பு.

“குடிக்கத் தண்ணி இல்லாத இடமெண்டால் என்ரை வளவுக்கை வா ஏரம்பு. கண்ணை மூடிக்கொண்டு எங்கையும் காட்டலாம்,” என்றார் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அருளம்பலம். அவருடைய கிணறு உவர்க் கிணறு.

ஏரம்பு வளவின் தென்மேற்கு மூலையில், மாமரத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஓர் இடத்தில் நின்றார். தேங்காய் அசையவில்லை. அங்கே நரம்பே கிடையாது, எவ்வளவு மழை பெய்தாலும் ஈரம் ஏறாது என்று சொல்லிவிட்டார்.

தியாகலிங்கம் அதற்கு மேல் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சின்னத்தங்கமும் அந்தக் குழிக்குள்தான் இறங்கப்போகிறாள் என்ற நினைப்பு அவனைப் பேச வைத்தது.

“மாமா, எங்கடை நிலத்துக்குக் கீழை கிடக்கிறது முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. உள்ளுக்கை எல்லாம் பொந்தும் வெடிப்பும். மழைத் தண்ணி இறங்கி, வளவு முழுக்க ஒரே மட்டத்திலைதான் நிக்கும். கிணத்திலை எவ்வளவு உயருதோ, பங்கர் வெட்டுற இடத்திலையும் அவ்வளவு உயரும். நரம்பு எண்டு தனியா ஒண்டும் இல்லை.”

ஆழ்வாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்படத் தேவையில்லாத அளவுக்கு அவரிடம் ஒரு கேள்வி தயாராக இருந்தது. முன்பொருமுறை அரசாங்கத்தின் நீர்வளப் பகுதிக் கந்தோரிலிருந்து கிணறுகளை அளக்க வந்தவர்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். நிலத்தடித் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, மெஷின் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர் அவர்களுக்கு மோர் கொடுத்து, கேள்வியையும் கேட்டு, வாசற்படலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

“ஒரே தண்ணி எண்டால் என்ரை கிணறு ஏன் நல்ல தண்ணி? வேலிக்கு அங்காலை அருளம்பலத்தின்ரை கிணறு ஏன் உவர்? உம்மடை புத்தகத்தைக் கேட்டுச் சொல்லும் தம்பி.”

தியாகலிங்கத்திடம் பதில் இருந்தது. அருளம்பலம் வெடிவைத்துத் தன் கிணற்றை ஆழமாக்கியபோது அடியில் கிடந்த உப்புத் தண்ணீரை எட்டிவிட்டார் என்பதுதான் அது. ஆனால் பக்கத்து வளவுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஏரம்பு நிற்க, பெண் கொடுத்த வீட்டில் மாமனாரின் வாயை அடைப்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை. பூரணம் குசினி வாசலில் அகப்பையோடு நின்று இதைக் கேட்டாள். அவளுக்கு அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் மருமகன் தலையைக் குனிந்துகொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆடி வெய்யிலில் பங்கர் வெட்டப்பட்டது. மேலே செம்மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். அலவாங்குக் கம்பியின் முனை மழுங்க மழுங்க உடைத்தார்கள். அடி எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. பனைமரக் குற்றிகளைக் குறுக்கே போட்டு, மேலே மண்மூடை அடுக்கி, உள்ளே இருக்கப் பலகையும் அடித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை நல்ல நாள் பார்த்து, புது வீட்டுக்குக் காய்ச்சுவது போல அதற்குள் பால் காய்ச்சச் சொன்னார். அருளம்பலம் முதல் மிடறைக் குடித்துவிட்டு, இனிச் சீதனத்திலே பங்கரும் கேட்பார்கள் என்றார். ஒழுங்கையில் உள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புரட்டாசி முழுவதும் பூரணம் அதற்குள் ஓடினாள், வந்தாள். பலகையில் குந்தி, காதைப் பொத்தி, நிலம் அதிரும்போது கணவனின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருப்பாள். அது அவளைக் காப்பாற்றியது. அதை யாரும் மறுக்க முடியாது.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரவு பகல் விடாமல் பெய்தது. வெங்காயம் நட்ட தறை வெள்ளத்துக்குள் போய்விட்டது என்று எல்லாரும் அங்கலாய்த்தார்கள். பூரணம் மட்டும் மழையைக் கும்பிட்டாள். முகில் மூடியிருந்தால் பொம்பர் வராது. அந்த நாட்களில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள், தூங்கினாள், ஒருமுறை சிரிக்கவும் செய்தாள். தியாகலிங்கமோ ஒவ்வொரு காலையும் கிணற்றை எட்டிப்பார்த்தான். தண்ணீர் படிக்கட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. பங்கருக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாமா என்று அவன் கேட்டபோது, கிணறு கிணறு, பங்கர் பங்கர் என்று ஆழ்வாப்பிள்ளை சொல்லிவிட்டார். தகரமும் ஓலையும் போட்டு வாசலை அவர் கையாலேயே மூடிவைத்திருந்தார்.

பிறகு ஒரு விடியற்காலை மழை விட்டது. வானம் கழுவித் துடைத்ததுபோல நீலமாக இருந்தது. முற்றத்தில் வெய்யில் விழுந்ததைப் பூரணம் கண்டாள். கோப்பியை ஊற்றியபடியே, பொம்பர் வருகிற வடக்குப் பக்கம் காதைக் கொடுத்தாள். கோப்பி ஆறுமுன்னரே சத்தம் வந்தது.

ஓடினார்கள். ஆழ்வாப்பிள்ளை தகரத்தை இழுத்து எறிந்தார். பூரணம் வழக்கம்போல முதலில் இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது கணுக்கால்வரை குளிர்ந்தது. தண்ணீர். பின்னால் வந்தவர்கள் நெருக்கியதால் நின்று யோசிக்க இடமில்லை. உள்ளே போய்ப் பலகையில் ஏறிக் குந்தினாள். எல்லாருக்கும் பின்னால் வந்த அருளம்பலம் காலைத் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணை, வலையும் கொண்டு வந்திருக்கலாம் போலை கிடக்கு.”

“அது வாசலாலை வந்த மழைத் தண்ணி,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “கொஞ்சத்திலை வத்தும்.”

வற்றவில்லை. மேலே பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது. அடிக்கல்லில் இருந்த ஒரு வெடிப்பிலிருந்து அது குமிழ்விட்டுக்கொண்டு வந்ததைப் பூரணம் கண்ணால் கண்டாள். வாசலால் ஒரு சொட்டும் வரவில்லை. சுவரின் செம்மண் ஊறி, பிசைந்த மாவைப்போல் ஆகியிருந்தது. ஒரு கட்டி பெயர்ந்து சளக்கென்று விழுந்தது. அதற்கு மேலே, பனங்குற்றியின் நுனி சுவரைவிட்டுச் சற்றே இறங்கியதுபோலத் தெரிந்தது.

தியாகலிங்கம் சின்னத்தங்கத்தின் தோளைப் பிடித்து எழுப்பினான்.

“மாமா, சுவர் ஊறிப்போச்சு. மரம் இறங்கப் போகுது. வெளியாலை வாங்கோ.”

“போறவை போகலாம்.”

“ஐயா,” என்றாள் சின்னத்தங்கம். தகப்பனின் கையைப் பிடித்தாள். புருஷன் அவளை இழுத்துக்கொண்டு ஏறினான்.

அருளம்பலம் பூரணத்தைப் பார்த்தார், பிறகு ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தார். “பொம்பர் போட்டுச் செத்தால் ஊர் அழும் அண்ணை. பங்கருக்கை தண்ணியிலை தாண்டு செத்தால் ஊர் சிரிக்கும். நான் போறன்.” அவரும் ஏறிப் போனார்.

அருளம்பலம் அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் ஆழ்வாப்பிள்ளை எழுந்திருந்தாலும் எழுந்திருப்பார். இப்போது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பலகையில் இன்னும் நன்றாக உட்கார்ந்தார். பூரணம் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். கெஞ்சினாள். வற்றும் என்று மறுபடி சொன்னார். தண்ணீர் பலகையைத் தொட்டது. இன்னொரு மண்கட்டி விழுந்து அவருடைய சால்வையில் தெறித்தது. அவர் அதைத் தட்டிவிட்டார்.

மேலே பொம்பர் தாழ்ந்து வந்தது. அந்தச் சத்தத்தில் அவளுடைய எலும்பெல்லாம் கலகலத்தது. வாசலில் தெரிந்த அந்த நீலத் துண்டு வானத்தைப் போல அவளுக்குப் பயங்கரமானது உலகத்தில் வேறொன்றில்லை. இந்த மனுஷனை இழுத்துக்கொண்டு போகப் பலமில்லை. விட்டுவிட்டுப் போய் மாமரத்து வேருக்குள் படுக்கவும் மனமில்லை. இங்கேயே இருந்தால் இரண்டு பேரும் மண்ணுக்குள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள். சுவர் கையோடு வந்தது.

மாமரத்தடியில் படுத்திருந்த தியாகலிங்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டினான். அவள் அங்கே போகவில்லை. பங்கர் வாசலுக்கு நேரே, ஒரு மரத்தின் நிழலும் விழாத வெறும் முற்றத்தில் நின்றாள். வானம் முழுவதும் அவள் தலைக்கு மேல் இருந்தது. தூரத்தில் வெள்ளியாக மின்னியபடி பொம்பர் திரும்பிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்துச் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ. நான் முத்தத்திலை நிக்கிறன். நீங்கள் வெளியாலை வருமட்டும் ஓரிடமும் போகமாட்டன்.”

“பூரணம், விசர்க் கதை கதையாதை. உள்ளுக்கை வா.”

“வரமாட்டன்.”

கலியாணம் முடித்த நாள்தொட்டு அவருடைய சொல்லுக்கு அவள் மறுத்துச் சொன்ன முதற்சொல் அதுதான். உள்ளே தண்ணீர் கலங்கும் ஓசை கேட்டது. நனைந்த வேட்டி தொடையில் ஒட்ட, ஆழ்வாப்பிள்ளை படியேறி வந்தார். பெண்சாதியை வெட்டவெளியில் நிற்கவிட்டுத் தான் குழிக்குள் ஒளிந்திருந்தார் என்ற பெயரை அவரால் சுமக்க முடியாது. அவளைக் காப்பாற்றத்தான் அவர் வந்தார், தன்னைக் காப்பாற்ற அல்ல. வந்தவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். திரும்ப உள்ளே கொண்டுபோகத்தான் பிடித்தார். அதையும் மறைக்கத் தேவையில்லை. மகள், மருமகன், அயலவன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் இழுத்தார். பூரணம் சேற்று முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழும்பவில்லை.

அவர்களுடைய இழுபறி முடியுமுன்னரே பின்னால் மண்மூடைகள் பெருமூச்சு விட்டதுபோல ஓர் ஓசை வந்தது. பனங்குற்றிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கூரை முழுவதும் மெதுவாக, அவசரமே இல்லாமல், பலகை இருந்த இடத்தின்மேல் இறங்கிப் படுத்தது. செந்தண்ணீர் மேலே ததும்பி வந்து பூரணத்தின் சீலைக்கரையை நனைத்தது.

அதற்குப் பிறகுதான் குண்டுகள் விழுந்தன. வடக்கே, வெகு தூரத்தில். நிலம் அதிர்ந்தது தெரிந்தது, அவ்வளவுதான். பொம்பர் போய்விட்டது.

ஆழ்வாப்பிள்ளை மனைவியின் கையை விட்டுவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போய், கட்டைப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு இடிந்த பங்கருக்கு வந்து அதில் நின்ற தண்ணீரின் மட்டத்தைப் பார்த்தார். இரண்டாம் தரமும் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மருமகனுக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, நாளைக்கு ஆள் பிடியும். இடுப்பளவுக்கு மேலை வெட்டவேண்டாம்.”

“ஓம் மாமா,” என்றான் தியாகலிங்கம்.

பூரணம் இன்னும் சேற்றில்தான் இருந்தாள். சின்னத்தங்கம் வந்து தூக்கப் பார்த்தாள். கால்கள் நிற்க மறுத்தன. நடுக்கம் இப்போதுதான் பெரிதாகத் தொடங்கியிருந்தது. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை, பொழுதோ இன்னும் உச்சிக்கு வரவில்லை, ஒளிக்க ஒரு குழியும் இல்லை. அன்று முழுவதும் அவள் மகளின் கையைப் பிடித்தபடி மாமரத்தடியிலேயே கிடந்தாள். ஆழ்வாப்பிள்ளை உட்கார ஒரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, பொழுதுபடும்வரை வடக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆழ்வாப்பிள்ளை வீட்டுப் பங்கரில் குண்டு விழுந்தது, கடவுள் செயலால் எல்லாரும் தப்பினார்கள் என்று கனடாவில் இருக்கிற உறவினர்வரைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். அது பிழை. அன்று அந்த ஒழுங்கையில் ஒரு குண்டும் விழவில்லை. பங்கரை இடித்தது கீழேயிருந்து வந்த தண்ணீர்.