மிஸ்ரியாவின் பிள்ளை

மிஸ்ரியாவின் பிள்ளை மறுபடி அழத் தொடங்கியதும் முனவராவின் ரவிக்கை நனைந்தது. மடியில் அவளுடைய மகள் குடித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து மூடுவதற்குள் மாமியார் பார்த்துவிட்டாள்.

“வழிஞ்சிகினு இருக்குதே. அந்தப் புள்ளைக்கும் ஒரு வாய் குடேன். பெத்தவளுக்குத்தான் காய்ச்சல்ல சுரக்கல.”

நாத்தனார் மிஸ்ரியா சேத்தியாத்தோப்பிலிருந்து காலையில்தான் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பாயில் கிடந்தபடியே, “குடுங்க அண்ணி. ஒரே வூட்டுப் புள்ளைங்கதானே” என்றாள்.

முனவரா வாசலைப் பார்த்தாள். நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து வந்த கணவன் வஹீத், செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றுவிட்டான். இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது அந்த வீட்டில் இருவருக்கு மட்டுமே தெரியும். கர்ப்பத்தில் எடுத்த பரிசோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரையை விட்டதில்லை. மகளுக்கும் தினம் மருந்து ஊற்றினாள். கேட்பவர்களிடம் சத்து டானிக் என்றாள். இப்படி இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று கடலூரில் ஆலோசகர் சொல்லியிருந்தார். மகளுக்கு மருந்து இருந்தது. மிஸ்ரியாவின் பையனுக்கு இல்லை.

மாமியார் பையனைத் தூக்கி வந்து நீட்டினாள். அவன் வாய் காற்றைச் சப்பியது. உண்மையைச் சொல்லிவிடலாம். பிறகு தன் மகளை இந்த வீட்டில் யார் தூக்குவார்கள்?

“வேணாம் மாமி.”

“ஏன்?”

“ஒரே பால் குடிச்சா அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்க. நாளைக்கு நிக்காஹ் பண்ண முடியாது.”

மிஸ்ரியா சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.

“பொண்ணுக்குப் பல்லே மொளைக்கல. அதுக்குள்ள அண்ணி மாப்புள்ள புடிச்சிட்டாங்கம்மா.”

“விவரமானவதான்” என்றாள் மாமியார். “டேய் வஹீது, உன் மருமவன் பசியில கெடக்குறாரு. போய் பால் மாவு வாங்கியா.”

வஹீத் மனைவியைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மாமியார் இரண்டு பிள்ளைகளையும் ஒரே விரிப்பில் பக்கம் பக்கமாகக் கிடத்தினாள். “ஜோடிப் பொருத்தம் பாரு” என்று சிரித்துவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள். பையன் தலையைத் திருப்பினான். முகத்தருகே கிடந்த முனவராவின் மகளுடைய சின்னக் கைமுட்டியை வாயால் பற்றிச் சப்பத் தொடங்கினான்.

முனவராவின் கை தானாக நீண்டது. எச்சிலில் வராது. தொட்டால் வராது. ஆலோசகரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கை பாதியில் நின்றது.

அழுகை அடங்கிவிட்டது. மகள் கையை இழுத்துக்கொள்ளாமல், சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.