ஆறாத கொதிகலன்

1968 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்கார்த்வெயிட் பணிமனையில் 5219ஆம் எண் எஞ்சினின் நெருப்பைக் கொட்டி அணைத்தார்கள், எஞ்சின் ஆறவில்லை. திங்கட்கிழமையும் ஆறவில்லை. நெருப்பறையில் ஒரு துண்டு நிலக்கரி கிடையாது, ஆனாலும் அழுத்தமானியின் முள் இருநூறைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாட்டில் நீராவி வண்டிகளின் காலம் முடிந்தது என்று லண்டனிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. அதை எஞ்சினுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும் என்று சொல்லிவிட்டு மேலாளர் டீசல் வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். வெட்டி எடைக்குப் போட வந்த பழைய இரும்பு வியாபாரி தொட்டுப் பார்த்தார், விரலைச் சூப்பிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

அந்த எஞ்சினை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் ஈனாக் பர்ட்விசில். கடைசி ஓட்டத்தை மட்டும் அவருக்குத் தரவில்லை. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவார் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆய்வாளரை அனுப்பினார்கள். ஈனாக் மனைவி ஹெட்டியோடு நடைமேடையில் நின்று கைக்குட்டை ஆட்டினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை, 5219ஐ இன்னொரு தடவை ஸ்டோன்கார்த் மேட்டில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு தடவை கேட்கவில்லை, ஒரு தடவைதான். ஆனால் அடுத்த வருஷமே தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, பாதை நெடுக வீடு கட்டி முட்டைக்கோஸ் போட்டுவிட்டார்கள். பணிமனையில் நாற்பது கஜம் மட்டும் மிச்சம்.

எஞ்சினைக் காப்பாற்ற ஒரு கழகம் உருவானது. செயலாளர் கத்பர்ட் பிம், தொழிலில் பல் மருத்துவர், குழந்தைப் பருவம் முதல் நீராவிப் பித்து. எஞ்சினுக்குக் கறுப்பா பச்சையா, எந்த வண்ணம் பூசுவது என்று முதல் கூட்டத்திலேயே சண்டை. கழகம் என்று வந்தபின் பிளவு இல்லாமலா? மூன்றே வருஷத்தில் கறுப்புக் கழகம், பச்சைக் கழகம் என்று இரண்டாகி, ஒரே கொட்டகையில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். எஞ்சின் ஐந்து கஜம் தள்ளி தானாகக் கொதித்துக்கொண்டிருக்க, இவர்கள் மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் போட்டார்கள்.

எஞ்சினை நகர்த்தச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தர வேண்டுமென்றால் கொதிகலனைக் குளிரவைத்து, அதிகாரி உள்ளே தவழ்ந்து பார்க்க வேண்டும். அதிகாரி வந்தார், கையை நீட்டினார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். 'எஞ்சின் இயங்கும் நிலையில் இருப்பதால் இயக்க அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தீயணைப்புப் படை மூன்று நாள் தண்ணீர் அடித்தது. எஞ்சின் அத்தனையையும் குடித்துவிட்டு அழுத்தத்தை இன்னும் பத்து ஏற்றிக்கொண்டது. இப்படியே எட்டு வருஷம் போனது. நாற்பது வருஷக் கரித்தூள் ஈனாக்கின் நுரையீரலில் படிந்திருந்தது. இன்னொரு பனிக்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் பிம் ஈனாக்கின் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க சொன்னா அது கேக்கும் மிஸ்டர் பர்ட்விசில். ஒரே ஒரு வாரம் ஆறிக் கெடந்தாப் போதும். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் ஓட்டம் உங்களுதுதான்."

"ஆறினதுக்கு அப்புறம் மறுபடி பத்தலேன்னா?"

"பத்தலேன்னா என்னங்க? அப்பவும் பாதுகாப்பா இருக்குமில்ல."

"உசுரோட இருக்கிறவ நடக்கணும்னா, செத்துட்டான்னு மொதல்ல எழுதி வாங்கணும். நல்லா இருக்குய்யா உங்க பாதுகாப்பு," என்றாள் ஹெட்டி.

ஆனாலும் ஈனாக் போனார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை பிற்பகல், இரு கழகங்களும் வண்ணம் பற்றிய கூட்டுக் கூட்டத்தில் நான்காவது மணி நேரமாக இருந்தன. அவர் மூச்சு வாங்க எஞ்சினில் ஏறி, நெருப்பறைக் கதவைத் திறந்து, "எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. தூங்கு," என்றார். முள் ஐந்து இறங்கியது. பிறகு பத்து. எட்டு வருஷத்தில் தீயணைப்புப் படையால் முடியாதது ஒரு வாக்கியத்தில் நடப்பதைப் பார்த்ததும் ஈனாக்குக்கு அழுகை வந்துவிட்டது. "இல்ல இல்ல, சும்மா சொன்னேன்! சும்மா சொன்னேன்டி!" என்று கத்தினார். முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. அவர் நீராவிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

நாற்பது கஜம் முடிந்த இடத்தில் எஞ்சின் நிற்கவில்லை. கால்பந்து மைதானத்தைக் கடந்து, பழைய பாதை எங்கே போனதோ அங்கேயே போனது. பதினேழு வீடுகளின் சமையலறை வழியாகப் போயும் ஒரு முட்டைக்கோஸ் நசுங்கவில்லை. கோப்பைகள் குலுங்கின, அவ்வளவுதான். விவசாயி ஒருவர் கோழி வளர்த்துவந்த பழைய ரயில் பெட்டிகள் இரண்டும் போகிற போக்கில் பின்னால் சேர்ந்துகொண்டன. ஸ்டோன்கார்த் மேட்டில் சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. உச்சியில் ஈனாக் தொப்பியைக் கழற்றி வீசிச் சிரித்தார்.

ஒரு தடவை என்றவர் மறுநாளும் போனார். இப்போது தினமும் நாலு பத்துக்கு வண்டி. அந்தப் பழைய பாதையில் இருக்கிற வீட்டுக்காரர்கள் நாலு எட்டுக்கே கோப்பைகளைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். கழகங்கள் ஒன்றுசேர்ந்தன. எதிர்ப்பே இல்லாமல் பச்சை என்று தீர்மானித்தன, பூச எஞ்சின் இல்லாததால் கொட்டகைக்குப் பூசின. எஞ்சின் நின்ற இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வந்து அந்த வெற்றிடத்தைப் படம் பிடிக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வண்டி போகும்போது யாரும் திரும்புவதில்லை, கழகம் விற்கும் கையேட்டில் அது இல்லை.

மூன்றாவது பனிக்காலம் கழிந்ததும் பிம் ஹெட்டியைத் தேடி வந்தார்.

"அவரை நிறுத்தச் சொல்லுங்க மேடம். சான்றிதழ் கெடையாது. அவரு உடம்புக்கும் ஆகாது."

"உங்க பேச்சைக் கேட்டு வீட்ல உக்காந்திருந்தா இந்த மனுஷன் மொதப் பனிக்கே போயிருப்பாரு. மழை வருது பாருங்க. ஸ்டோன்கார்த் பஸ்ஸும் போயிருச்சு. நாலு பத்துக்கு வண்டி. ஏறுறதுன்னா ஏறுங்க."

பிம் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு எந்த வகுப்பு என்று கேட்டார். கோழி வகுப்புதான் என்றாள் அவள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் அடையாளம் காணாதபடி செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டார். மேட்டில் எஞ்சின் மூச்சிரைத்து ஏறியபோது செய்தித்தாள் நடுங்கியது. பக்கத்திலிருந்த பெண் ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையை நீட்டினாள். மறுநாள் கழகத்துக்கு எழுதிய அறிக்கையில், ஸ்டோன்கார்த்துக்குப் பேருந்தில் போனதாகவும் பயணம் சுமாராக இருந்ததாகவும் குறிப்பிட்டார்.